மெல்விசைகளை அளந்த மேதை

துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டை சில மாதங்களில் சிறுத்துச் சிறுத்து மறைந்துபோகிறது. அது உருகுவதில்லை, எரிவதுமில்லை. நாப்தலீன் என்னும் அப்பொருளின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் படிகத்தை விட்டுக் காற்றில் கலந்துவிடுகின்றன. ஆயினும் அந்த மூலக்கூறுக்குள் கார்பன் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பு ஒன்றுகூட அறுபடவில்லை. பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் இத்தகையதே. தாளில் இலேசாக இழுத்தவுடன் தேய்ந்து கோடாகும் அது, 3000 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் உருகாமல் நிற்கும். ஒரே பொருளில், ஒரு திசையில் அசைக்க முடியாத வலிமையும் மற்றொரு திசையில் விரலால் உரசினாலே விட்டுக்கொடுக்கும் மென்மையும் உள்ளன.

இவ்விரு பொருள்களையும் நுண்ணிய இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அவை திரும்பும் விதத்தைக் கொண்டு அவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். கே. எஸ். கிருஷ்ணன் என அறிவியல் உலகம் அறிந்த அவர், மதுரையில் பயின்ற தமிழர்.

மலையடிவார ஊரும் மதுரைக் கல்லூரியும்

மதுரைக்குத் தென்மேற்கே சமவெளி முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலை எழும் இடத்தில், சதுரகிரியின் அடிவாரத்தில், வத்திராயிருப்பு என்னும் ஊர் உள்ளது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கிய அந்த நெல்வயல் சூழ்ந்த ஊரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலில் ஈடுபட்டவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். வயலும் ஏடும் ஒன்றாக இருந்த அந்த வீட்டில் இலக்கியப் பற்று கிருஷ்ணனுக்கு இயல்பாகவே அமைந்தது. பின்னாளில் அறிவியலைத் தமிழில் எழுத அவர் தயங்காததற்கும், தாய்மொழியில் அறிவியலைக் கற்பிக்க இயலும் என்று உறுதியாக நம்பியதற்கும் வேர் அங்கேதான் உள்ளது.

பள்ளிக் கல்வியை அப்பகுதியிலேயே முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். 1881இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி வைகையின் வடபுறத்தில் உள்ளது. அங்கிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்று இயற்பியலில் பட்டம் பெற்றார். பட்டம் இயற்பியலில் என்றாலும், அவருக்கு அக்கல்லூரியில் கிடைத்த பணி வேதியியல் துறையின் செய்முறைப் பயிற்றுநர் பணி.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இடைப்பட்ட வரப்பில் நிகழ்ந்தவை. நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி, அறிவியலின் எந்தப் பகுதியிலிருந்தும் வினா எழுப்பலாம் என்று அவர் நடத்திய உரையாடல்கள் புகழ்பெற்றன. பிற கல்லூரி மாணவர்களும் அவற்றைக் கேட்க வந்தனர்.

வலியதும் மெலியதும்

கிருஷ்ணன் ஆய்வுலகில் நுழைந்த காலத்தில், மூலக்கூறுகளுக்கு இடையே நிலவும் ஈர்ப்பு தெளிவாக விளங்காத புதிராகவே இருந்தது. வாயுக்கள் ஏன் நீர்மமாகின்றன என்பதை விளக்க, மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்னும் கருத்தை டச்சு அறிஞர் வாண்டர் வால்ஸ் 1873இல் முன்வைத்தார். அந்த ஈர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது உடனே தெரியவில்லை. 1920இல் லாட்டிமர், ரோடபுஷ் என்னும் அமெரிக்க வேதியியலார் இருவர் நீரின் இயல்புகளை ஹைட்ரஜன் பிணைப்பால் விளக்கினர். மின்முனைகள் அற்ற மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்ப்பது எவ்வாறு என்பதற்கு 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயற்பியலின் துணையோடு விடை கண்டார். எலக்ட்ரான்களின் அசைவால் ஒரு மூலக்கூறில் கணநேர இருமுனை தோன்றுகிறது, அது அண்டை மூலக்கூறிலும் ஓர் இருமுனையைத் தூண்டுகிறது, இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன.

இவ்விசைகளின் அளவை ஒப்பிட்டால்தான் வேறுபாடு விளங்கும். நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் சகப்பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரு நீர் மூலக்கூறுகளுக்கு இடைப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்பை விலக்க ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். இருபதில் ஒரு பங்குதான். ஆனால், அந்த ஒரு பங்கு இல்லையென்றால் வைகையில் நீர் ஓடாது. நீரைவிட எடை மிகுந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறுகளிடையே அத்தகைய வலுவான ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. அது −60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீரோ 100 டிகிரி வரை தாங்குகிறது. கோடையில் மண்பானை நீர் குளிர்வதும் இதனால்தான். பானையின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும், ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கிக்கொண்டு வெளியேற 2,200 ஜூலுக்கு மேற்பட்ட வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் நீரில் 500 கிராமுக்கும் மேற்பட்ட அளவை ஒரு டிகிரி குளிர்விக்க அது போதுமானது.

ஹைட்ரஜன் பிணைப்பு முதலிடம், இருமுனை ஈர்ப்பு அடுத்தது, லண்டன் விசை கடைசி என்று வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்வது வழக்கம். அந்த வரிசை ஏறத்தாழ ஒத்த அளவுள்ள மூலக்கூறுகளுக்கே பொருந்தும். ஹைட்ரஜன் குளோரைடைவிட ஹைட்ரஜன் அயோடைடின் இருமுனைத் திருப்புத்திறன் குறைவு. ஆயினும் முன்னது −85 டிகிரியிலும் பின்னது −35 டிகிரியிலும் கொதிக்கின்றன. அயோடினில் எலக்ட்ரான்கள் மிகுதி. ஆதலால் லண்டன் விசை இருமுனைக் குறைவை ஈடுசெய்து மிஞ்சிவிடுகிறது. பென்சீன் வளையம் ஒன்று உடையது, 80 டிகிரியில் கொதிக்கும். இரு வளையம் கொண்ட நாப்தலீன் 218 டிகிரியில். மூன்று வளையம் கொண்ட ஆந்த்ரசீன் ஏறத்தாழ 340 டிகிரியில். இவற்றில் நிலையான இருமுனையும் இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை. மிக மெலியது என்று கடைசியில் வைக்கப்படும் லண்டன் விசை ஒன்றே ஆந்த்ரசீனை நீரைவிட 240 டிகிரி கூடுதலாகத் தாங்கச் செய்கிறது.

மூலக்கூறின் வடிவமும் கணக்கில் சேரும். நீண்ட சங்கிலியான பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது. அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் உருண்டையாகத் திரண்ட நியோபென்டேன் 9.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நீண்டவை ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்துக்கொள்ள முடியும். உருண்டைகள் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்வதோடு சரி. வடிவம், அடுக்கு, அண்டை மூலக்கூறின் செல்வாக்கு ஆகிய இவையே கிருஷ்ணனின் ஆய்வுப் பொருளாயின.

கல்கத்தாவில்

1920இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சர் சி. வி. இராமன் பேராசிரியராக இருந்தார். 1923 முதல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் வழிகாட்டுதலில் கிருஷ்ணன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். நீர்மங்களின் வழியே ஒளியைச் செலுத்தி, அது சிதறும் விதத்தை அளப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நீர்மத்தில் ஒரு தூசு மிதந்தாலும் அளவீடு பழுதாகும். ஆகவே ஒவ்வொரு நீர்மத்தையும் வெற்றிடத்தில் மெல்லக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கினார். இவ்வாறு 65 நீர்மங்களை ஆராய்ந்து 1925இல் முடிவுகளை வெளியிட்டார். பொறுமையின்றிச் செய்ய முடியாத வேலை அது.

சிதறிய ஒளி எதைச் சொல்கிறது? உருண்டை வடிவ மூலக்கூறு ஒளியை எப்பக்கமும் ஒரே முறையில் ஏற்கும். தட்டையான பென்சீன் அவ்வாறு செய்யாது. அதன் தளத்தில் எலக்ட்ரான்கள் எளிதில் அசையும், தளத்துக்குச் செங்குத்தாக அவ்வளவு எளிதில் அசையா. சிதறிய ஒளியின் முனைவாக்கத்தைக் கொண்டு மூலக்கூறின் இந்தத் திசைவேறுபாட்டைக் கணிக்கலாம். ஆனால், ஆவி நிலையில் கணித்த அளவும் நீர்ம நிலையில் கணித்த அளவும் ஒத்துப்போகவில்லை. மூலக்கூறு மாறவில்லை, அதைச் சூழ்ந்தவை மாறியிருந்தன. நீர்மத்தில் ஒரு மூலக்கூறின் மீது செயல்படும் மின்புலம், அண்டை மூலக்கூறுகள் அதைச் சுற்றி எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பொறுத்துத் திசைக்குத் திசை வேறுபடும் என்று இராமனும் கிருஷ்ணனும் 1927, 1928ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கோட்பாட்டுக் கட்டுரைகளில் காட்டினர்.

கோட்பாட்டில் மூழ்கிய மாணவர் செய்முறையை விட்டு விலகிவிடக் கூடாது என்று இராமன் எண்ணினார். அவருடைய தூண்டுதலால் 1928 பிப்ரவரித் தொடக்கத்தில் கிருஷ்ணன் மீண்டும் சோதனைக் கூடத்துக்குத் திரும்பினார். முதலில் எடுத்துக்கொண்டது ஆந்த்ரசீன் ஆவி. அது வலுவாக ஒளிர்ந்தது. ஆனால் அந்த ஒளி முனைவாக்கம் பெறவில்லை. அடுத்துத் தூய நீர்மங்களுக்குத் திரும்பினார். பிப்ரவரி 7 அன்று, எல்லாத் தூய நீர்மங்களும் நிறம் மாறிய மங்கலான ஒளியை உமிழ்வதையும், அந்த ஒளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும் கண்டார். வெறும் ஒளிர்வாக இருந்தால் அவ்வாறு இராது. அன்றிரவே இராமன் கிருஷ்ணனின் வீடு தேடி வந்து அதுபற்றிப் பேசினார். அடுத்த நாள்களில் நீர்மத்துக்குப் பின் நீர்மம், ஆவிக்குப் பின் ஆவி என்று சோதனை தொடர்ந்தது. பிப்ரவரி 16ஆம் நாளிட்டு இருவர் பெயராலும் எழுதப்பட்ட குறிப்பு, மார்ச் 31 அன்று 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. இடையில் பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியின் வழியே புதிய கதிர் தனித்துத் தெரிந்தது. அந்நாளே இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இராமன் விளைவு என்று பெயர்பெற்ற இக்கண்டுபிடிப்பு, வலிய விசையையும் மெலிய விசையையும் ஒரே நிறமாலையில் பிரித்துக் காட்டும் கருவியாக வேதியியலாருக்கு அமைந்தது. ஒளியின் நிறம் எவ்வளவு மாறுகிறதோ அது மூலக்கூறுக்குள் அணுக்கள் அதிரும் அதிர்வெண்ணைக் குறிக்கும். அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பு மிக மெலிதாயின், ஆவியிலும் நீர்மத்திலும் அந்த அதிர்வெண் பெரிதும் மாறாது. நீரில் கதை வேறு. தனித்த நீராவி மூலக்கூறில் ஏறத்தாழ 3650 செ.மீ⁻¹ என்று கூர்மையாகத் தோன்றும் வரி, நீர்மத்தில் 3400ஐ ஒட்டி அகன்ற பட்டையாகத் தாழ்ந்துவிடுகிறது. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன், ஹைட்ரஜனைத் தன்பால் சற்று இழுத்துச் சொந்தப் பிணைப்பைத் தளர்த்திவிடுவதே காரணம். வெளியிலிருந்து வரும் மெல்லிய ஈர்ப்பு உள்ளிருக்கும் வலிய பிணைப்பை எவ்வளவு தளர்த்தியது என்பது எண்ணாகவே கிடைக்கிறது.

1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அவர் தம் நோபல் உரையில் கிருஷ்ணனின் பங்கைக் குறிப்பிட்டார். முதல் குறிப்பில் இடம்பெற்ற இன்னொரு பெயர் விளைவின் பெயரில் இடம்பெறவில்லை. கிருஷ்ணன் அதுபற்றி வழக்குரைக்கவில்லை. அதற்குள் அவர் வேறோர் ஊரில், வேறொரு வினாவோடு அமர்ந்திருந்தார்.

டாக்காவில் ஒரு படிகம்

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையில் இணைப்பேராசிரியராகப் பொறுப்பேற்றார். புகழ்பெற்ற சத்யேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியராக இருந்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத அக்கூடத்தில், கிருஷ்ணன் தமக்கு வேண்டிய முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். ஒரு காந்தம், ஒரு மெல்லிய குவார்ட்சு இழை, அதன் நுனியில் ஒரு சிறு படிகம். அடிப்படை அவ்வளவே.

நாப்தலீன் போன்ற பொருள்களைக் காந்தம் மிக மெல்லத் தள்ளும். அவை டயா காந்தப் பொருள்கள். தட்டையான வளைய மூலக்கூறுகளில் அந்தத் தள்ளுகை, வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் பன்மடங்கு மிகுதி. ஆகவே படிகம் காந்தப்புலத்தில் ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திரும்ப முயலும். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கிக்கொண்டே சென்றால், ஒரு கோணம் வரை படிகம் புலத்தின் பிடியில் நிற்கும். அக்கோணத்தைத் தாண்டியதும் பிடி விட்டுச் சட்டெனச் சுழன்றுவிடும். அந்த மாறுநிலைக் கோணத்தைக் கொண்டு இரு திசைகளின் காந்தப் பண்பு வேறுபாட்டைத் துல்லியமாகக் கணிக்கலாம். இந்த முறையைப் பின்னர் அவர் தம் உடனாய்வாளர்களோடு மேலும் செப்பம் செய்தார்.

இதன் பயன் வியப்புக்குரியது. ஒரு தனி மூலக்கூறின் திசைவேறுபாடு தெரியும். முழுப் படிகத்தின் திசைவேறுபாடும் அளந்தாயிற்று. இரண்டையும் ஒப்பிட்டால், படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பது வெளிப்பட்டுவிடும். நாப்தலீனிலும் ஆந்த்ரசீனிலும் அவை ஒரே முகமாக அடுக்கப்படவில்லை. மீன்முள் போல ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கின்றன. எக்ஸ் கதிர் ஆய்வும் அதையே காட்டிற்று. இத்தகைய சாய்வை முடிவு செய்வது சகப்பிணைப்பு அன்று. அது மூலக்கூறுக்குள்ளேயே முடிந்துவிட்டது. மூலக்கூறுகள் எவ்வளவு நெருங்கலாம், எந்தப் பக்கத்தைக் காட்டி நெருங்கலாம் என்பதை வகுப்பவை மூலக்கூறிடை விசைகளே. வலிமையில் இவை பின்தங்கினாலும், ஒரு படிகத்தின் உருவத்தையும் உருகுநிலையையும் ஆள்பவை இவைதாம்.

கிராஃபைட்டில் இந்த வேறுபாடு உச்சத்தை எட்டுகிறது. ஒரு தளத்தில் கார்பன் அணுக்களின் இடைவெளி 142 பிக்கோமீட்டர்; தளத்துக்கும் தளத்துக்கும் இடைவெளி 335 பிக்கோமீட்டர். தளத்துக்குள் சகப்பிணைப்பு, தளங்களுக்கு இடையே மெல்லிய ஈர்ப்பு. கிராஃபைட் படிகத்தின் காந்தப் பண்பு தளத்துக்குச் செங்குத்தாக மிகப் பெரிதாக இருப்பதைக் கிருஷ்ணன் அளந்து, எலக்ட்ரான்கள் தளத்துக்குள் தாராளமாக உலவுகின்றன, தளம் விட்டுத் தளம் எளிதில் தாவுவதில்லை என்ற முடிவுக்குத் துணை சேர்த்தார். பென்சில் தாளில் எழுதுவதற்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துவதற்கும் உள்ள உறவு அந்த அளவீட்டில் புலனாகிறது.

பென்சீன் வளையத்தின் காந்தப் பண்பை எலக்ட்ரான்களின் வளைய ஓட்டத்தால் அமெரிக்க வேதியியலார் லைனஸ் பாலிங் 1936இல் விளக்கினார். அதே ஆண்டு, படிகவியலில் பெரும்புகழ் பெற்ற காத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இணைந்து மூலக்கூறு அமைப்புக்கும் படிகங்களின் காந்தப் பண்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். 1937இல் ரூதர்ஃபோர்டும் வில்லியம் பிராக்கும் விடுத்த அழைப்பை ஏற்று, கிருஷ்ணன் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் உரையாற்றினார். 1940இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

பின்னாள்

1933இல் இராமன் பெங்களூருக்குச் சென்ற பின், கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பணியாற்றினார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே ஏ. பி. பாட்டியாவுடன் இணைந்து, உலோகங்களில் எலக்ட்ரான்கள் சிதறி மின்தடை தோன்றுவதை ஆராய்ந்தார். நீர்மத்தில் ஒளி சிதறுவதைப் பற்றித் தாம் இளமையில் பெற்ற அறிவை, உலோகத்தில் எலக்ட்ரான் சிதறுவதற்குப் பொருத்திப் பார்த்த துணிவு அது.

நாடு விடுதலை பெற்ற 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நீளம், நிறை, காலம் ஆகியவற்றின் அளவைத் தரப்படுத்தும் பொறுப்பு அந்த ஆய்வகத்துக்கு உரியது. வாழ்நாள் முழுதும் அளவீட்டில் கூர்மை தேடியவருக்கு அப்பொறுப்பு பொருந்திற்று. நிருவாகச் சுமைக்கு இடையிலும் சூடான கிராஃபைட்டும் உலோகங்களும் எலக்ட்ரான்களை உமிழ்வது குறித்த ஆய்வை அவர் கைவிடவில்லை. 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும் அவரைத் தேடி வந்தன. 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தில்லியில் அவர் காலமானார்.

1928 பிப்ரவரியில் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே பரவலாக அறியவந்தது. ஆந்த்ரசீன் ஆவி, தூய நீர்மங்கள், முனைவாக்கத்தின் அளவு, பேராசிரியர் வந்து சென்ற நேரம் ஆகியவை அதில் நாள்வாரியாக உள்ளன. அறிவியல் வரலாற்று அறிஞர்கள் அந்த மூன்று வாரங்களை இன்று நாள் பிசகாமல் சொல்ல முடிவது அந்தப் பக்கங்களால்தான்.